காய்ந்த பக்கத்தில் நின்றுபோன பலகை

பாபு,

பங்குனி முடிவதற்குள் தோஹாவுக்குப் போய்விடுவேன் என்று பெங்களூரிலிருந்து போனில் சொன்னாய். அங்கே பெரிய பெரிய கடைகளில் தானாகச் சுற்றுகிற விளம்பரப் பலகைகளை மாட்டுகிற வேலை, சாப்பாடு அவர்களே போட்டுவிடுவார்கள், ரூமில் ஏசி உண்டு என்றாய். நான் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றேன். உன் தங்கச்சி கோமதி பக்கத்தில்தான் இருக்கிறாள், ஒரு வார்த்தை பேசுகிறாயா என்று கேட்டதும் உன் குரல் மாறிவிட்டது. "அந்தப் பேச்சு வேணாம்மா, எனக்கு டூட்டி இருக்குது" என்று வைத்துவிட்டாய். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ சொன்னது அவளுக்கும் கேட்டது. கை மட்டும் ஆய்ந்துகொண்டே இருந்தது. காம்பெல்லாம் முறத்திலும் கீரையெல்லாம் தரையிலும் கிடந்தன.

உன்கூடப் படித்த பையன் ஒருவன் சின்னதாகப் பத்திரிகை நடத்துகிறானே, அவன் போன வாரம் உன் பலகையைப் பார்க்க வேண்டும் என்று வீடு தேடி வந்தான். அதன் கதி என்ன ஆயிற்று என்று காட்டினேன். இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டான். நீ எழுதாதே, நான் என் மகனுக்கு எழுதித் தருகிறேன், அதைப் போடு என்றேன். தன் பத்திரிகை என்றால் நீ எங்கே இருந்தாலும் படிப்பாய் என்று அவனும் சொன்னான். ஊரே படித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஊருக்குத் தெரியாத எதுவும் இதில் இல்லை.

நான் சொல்லச் சொல்ல கோமதிதான் எழுதுகிறாள். நான் நம்ம ஊர்ப் பேச்சில் கொட்டுவதை அவள் புத்தகத் தமிழில் மாற்றிக்கொள்கிறாள். பத்தாவதோடு நின்றாலும் அவள் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கும். அவளைப் பற்றி அவளையே எழுதச் சொல்வது நியாயமா என்று எனக்கே தெரியவில்லை. வேறு யாரிடம் போவேன்? உங்கள் நைனாவுக்குக் கம்பெனி கேட்டில் வண்டி நம்பர் எழுதவே நேரம் சரியாக இருக்கிறது.

உனக்கு மூன்று வயது இருக்கும்போது பொன்னேரியில் ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பின்னால் ஒரு பெரிய துணி தொங்கியது. மலை, மலையடியில் ஏரி, ஏரியில் ரெண்டு அன்னம். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் நகர்ந்ததுதான் தாமதம், நீ இறங்கித் தண்ணீரைப் பார்த்து ஓடினாய். துணிக்குப் பின்னால் சுவர். நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டது. ஸ்டுடியோக்காரர் சிரித்துவிட்டு, "தம்பி, அது படத்துக்குத்தான் ஏரி, குளிக்கிறதுக்கு இல்ல" என்றார். நீ ஏமாந்துபோய் அழுத அழுகை இருக்கிறதே. அந்தப் போட்டோவில் நீ அழுதுகொண்டிருக்கிறாய், உன் பின்னால் அன்னங்கள் நிம்மதியாக இருக்கின்றன. வரைந்த தண்ணீரும் போட்டோவும் ஒன்றாக இருந்த அந்த இடத்திலேயே உனக்கு ஏதோ பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். பிற்பாடு நீ ஓவியக் காலேஜில் சேரப் போகிறேன் என்றபோது, நம் சொந்தத்தில் எல்லாரும் ஐடிஐ படிக்க வை, பக்கத்திலேயே இத்தனை கம்பெனி இருக்கிறது என்றார்கள். நான்தான் போகட்டும் என்றேன். காலை லோக்கல் ரயிலுக்கு உனக்கு நாஷ்டா கட்டிக் கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே.

இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பலகை என்னவென்று தெரியாது. கதவு அகலத்துக்கு ஒரு இரும்புச் சட்டம், அதற்குள் நெட்டுக்குத்தாகத் தகரப் பட்டைகள், ஒவ்வொரு பட்டையும் தன் இடத்திலேயே திரும்பும். கும்மிடிப்பூண்டி பழைய இரும்புக் கடையில் உடைந்துபோன விளம்பரப் பலகை ஒன்றை நீ கண்டுபிடித்து, ஷேர் ஆட்டோக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி மேலே கட்டி எடுத்து வந்தாய். பட்டைகளை வரிசையாக வைத்து, ஒரு பக்கம் முழுவதும் நம் ஏரியை வரைந்தாய். கார்த்திகை, மார்கழி ரெண்டு மாதமும் கரைமேல் குடை நட்டு உட்கார்ந்திருந்தாய். இன்னொரு பக்கம் அதே இடத்தில் நின்று சித்திரையில் எடுத்த போட்டோ. அதைப் பட்டை பட்டையாக அறுத்து ஒட்டினாய். வரைந்த பக்கத்தில், ஏரி நிரம்பி வழிகிற கலங்கல்வரைக்கும் தண்ணீர். போட்டோவில் வெடித்த மண், பையன்கள் நட்டுவைத்த கிரிக்கெட் குச்சி, ஒரு எருமை. சுற்றுவதற்கு என் கிரைண்டர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டாய். அதற்கப்புறம் இந்த வீட்டில் இட்லி மாவு கடையிலிருந்துதான் வருகிறது, ஞாபகம் இருக்கட்டும். கரண்டு இல்லாவிட்டால் சுற்றுவதற்குப் பின்னால் ஒரு சைக்கிள் பெடலும் செயினும் வைத்தாய். காலேஜில் இதற்கு நகரும் சிற்பம் என்று பெயர் சொன்னதாகச் சொன்னாய். சிற்பம் என்றால் கோயிலில் இருப்பது, இது ஜன்னல் மாதிரி அல்லவா இருக்கிறது என்று நான் கேட்டேன். "ஜன்னலேதாம்மா" என்றாய்.

தண்ணீர் இருக்கும்போதே போட்டோ எடுத்திருக்கலாமே என்று அப்போதே நான் கேட்டேன். நீ பட்டைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னாய், போட்டோ ஒரே ஒரு கண்சிமிட்டலைத்தான் சொல்லும், ஓவியத்துக்குள் நான் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் இருக்கிறது என்று. கார்த்திகையில் வந்த மேகமும் மார்கழியில் வந்த கொக்கும் ஒரே தண்ணீரில் இருக்கின்றன, அப்படி ஒரு நாள் ஏரியில் கிடையவே கிடையாது, ஆனால் அதுதான் ஏரி என்றாய். ஒன்று பொய் மாதிரி இருக்கிற நிஜம், இன்னொன்று நிஜம் மாதிரி இருக்கிற பொய், ரெண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பட்டைகள் மெல்லத் திரும்பும்போது, பாதி ஏரி தண்ணீராகவும் பாதி வெடிப்பாகவும் ஒரு நிமிஷம் நிற்குமே, அது எனக்குப் புரிந்தது. தையில் அறுப்பு முடிந்து மாசி பங்குனியில் நான் பார்க்கிற ஏரி அதுதான்.

அந்த வேலை முழுக்க உன்கூட இருந்தவள் கோமதி. மனிதர்களைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறவள், இரும்பைக் கண்டால் ஒட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவில் அவள் முகம் யார் தோளுக்குப் பின்னாலோ இருக்கிறது. ஆதார் அட்டையில் போலீஸ் பிடித்து வந்த மாதிரி இருக்கிறாள். பதினொன்றாவதுக்கு டவுனுக்குப் போக வேண்டும், கம்பெனி ஷிப்டுக்குப் போகிற ஆண்களோடு ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதனாலேயே நின்றுவிட்டாள். நீ அவளைத் திட்டினாய், "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருக்க, பேச மாட்டியா?" என்று. திட்டிவிட்டு ஓவியத்தில் கரைமேல் அவளை வரைந்தாய், விரல் நகம் அளவுக்கு, மஞ்சள் பாவாடையோடு. அவள் முகம் காட்டி நின்ற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். பெடலை எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று அவளுக்கு நீ கற்றுக்கொடுத்தாய். வேகமாகச் சுற்றினால் ரெண்டு படமும் கலந்து ஒன்றும் தெரியாது, மூச்சு விடுகிற வேகத்தில் சுற்று என்றாய். உனக்கே அது சில நேரம் தவறும். அவளுக்குத் தவறவில்லை.

அப்புறம் கூட்டம் வந்தது. ஏரிக்குத் தண்ணீர் வருகிற கால்வாயை மூடி ரோடு போட்டுக்கொள்ள ஏரிக்குப் பக்கத்துக் கம்பெனி கேட்டிருந்தது. ஏரியில் பல வருஷமாகத் தண்ணீரே நிற்பதில்லை, அதனால் கால்வாய் போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறோம் என்று ஹைவேஸ் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் வந்து உட்காருவதாக இருந்தது. மதகு திறந்துவிடுகிற ஏழுமலை பெரியப்பா முதல் நாள் வீட்டுக்கு வந்து உன் பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் பாபு. அந்தக் காஞ்ச போட்டோவ மட்டும் எட்த்துரு. ரெண்டு பக்கமும் தண்ணி இருக்கிற மாதிரியே ஒட்டிக்கினு வா. நம்ம கேஸ நாமளே பேஜாரு பண்ணிக்கக் கூடாது பாரு."

"அப்டி ஒட்டினா அது பேனரு, பெரியப்பா" என்றாய் நீ. "ஏரி காயாதுன்னு யாரு சொன்னா? காஞ்சு காஞ்சு ரொம்பறதுதான் ஏரி. அவுங்க காஞ்சதை மட்டும் காட்றாங்க. நாம ரொம்பினத மட்டும் காட்டினா அவுங்களுக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என் பிள்ளை பக்கம் நின்றேன். நீ சொன்னது நியாயம். இன்றைக்கும் நியாயம்தான். ஆனால் அந்த மண்டபத்தில் எதற்கும் ஒரு நொடிதான் கொடுப்பார்கள் என்று நமக்குத் தெரியவில்லை. நம் ஆட்கள் வருஷம் முழுக்க ஏரியைப் பார்க்கிறவர்கள், அதனால் அடுத்தவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டோம்.

மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியும். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன். பெண்கள் பக்கத்தில் நானும் கோமதியும். உங்கள் நைனாவுக்கு அன்றைக்கும் கேட்டில் டூட்டி. எந்தக் கம்பெனியை எதிர்த்துக் கூட்டமோ அதன் கேட்டில். நீ அதை அவருக்கு ஒருநாளும் மன்னிக்கவில்லை. ஒரு போகத்தில் வீடு ஓடவில்லை பாபு, அதற்குமேல் நான் என்ன சொல்ல. நீ மைக்கைப் பிடித்தாய். பலகை சுற்ற ஆரம்பித்தது. முன்வரிசையில் இருந்த ஒருத்தர் எழுந்து நின்று பார்த்தார். தண்ணீர் போய் வெடிப்பு வந்து, முழுசாகக் காய்ந்து முடிந்த நேரத்தில் கரண்டு போயிற்று. மேடைக்கும் மைக்குக்கும் ஜெனரேட்டர் இருந்தது. உன் பலகை சொருகியிருந்த பிளக்கில் இல்லை. ஏரி காய்ந்தபடியே நின்றுவிட்டது.

நடுவில் இருந்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார், இது எப்போது எடுத்த போட்டோ என்று. நீ சித்திரையில் என்றாய். அப்போது ஏரியில் தண்ணீர் இல்லையா என்றார். இல்லை சார், ஆனால் என்று நீ ஆரம்பித்தாய். பக்கத்தில் இருந்தவர் குனிந்து எழுதிக்கொண்டார். நீ மைக்கை விட்டால் உன் முறை போய்விடும். அதனால் அங்கிருந்தபடியே கூப்பிட்டாய்.

"கோமதி, வா. பெடலைச் சுத்து."

மைக்கில் கேட்டதால் மண்டபம் முழுக்கத் திரும்பியது. அத்தனை ஆண்கள், போலீஸ், கம்பெனி ஆட்கள், போனைத் தூக்கிப் பிடித்தவர்கள். அவள் கை என் கைக்குள் இருந்தது. நான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேனா, அவள் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாளா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், தெரியவில்லை. கை மட்டும் ஈரமாக இருந்தது. நீ ரெண்டாம் தடவை கூப்பிட்டாய். அவள் எழுந்திருக்கவில்லை. நீயே மைக்கை விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்து ஓடினாய். ரகளை பண்ண வருகிறாய் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் குறுக்கே வந்தார். "தம்பி, உன் டைம் முடிஞ்சிது, ஒக்காரு" என்றார். அடுத்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். கூட்டம் முடிகிறவரைக்கும் உன் பலகை மேடைப் பக்கத்தில் காய்ந்து நின்றது. கம்பெனி ஆள் ஒருவர் அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஏரி காய்ந்துதான் கிடக்கிறது என்று ஊர்க்காரர்களே படம் காட்டினார்கள் என்று அதிகாரிகள் அப்படியே எழுதிவிட்டார்கள். தெருக்குழாயில் என்னை வைத்துக்கொண்டே பேசினார்கள். "தங்கச்சிக்காரி வாயத் தொறந்தா முத்து கொட்டிடும்னு ஒக்காந்துகினு இருந்தா. அண்ணங்காரன் தொறந்து ஏரியவே கொட்டிட்டான்" என்று ஒருத்தி சொல்ல, குடத்தைத் தூக்க முடியாமல் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது வலிக்கவில்லை. அந்த வாரமே நீ பையை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் புறப்பட்டாயே, வாசற்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே அவளைப் பார்க்காமல் சொன்னாயே, அதுதான் வலித்தது. "ஒரு வார்த்த பேசச் சொல்லல. எழுந்து வந்திருந்தா போதும்." அதற்கப்புறம் இன்றுவரை நீ அவளோடு பேசவில்லை.

உனக்குப் புத்தி சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். மகனுக்கு அம்மா எழுதினால் புத்தி சொல்லத்தானே வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. நியாயமாக இரு என்று சொல்லி வளர்த்தேன், நீ நியாயமாக இருந்தாய், அதையே திருப்பி வைத்து அடித்தார்கள். இனிமேல் யாருக்காகவும் எதையும் செய்து காட்டாதே, உன் சம்பளம் உன் சாப்பாடு என்று இரு என்று சொல்லலாம். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருப்பதாலும் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. பெடல் சுற்றியிருந்தாலும் அவர்கள் அப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். அந்தக் காகிதம் மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே டைப் ஆகியிருக்கும் என்று ஏழுமலை பெரியப்பாவும் சொல்கிறார். நீ நம்பமாட்டாய். கோமதியும் நம்பவில்லை. சில நாள் நானும் நம்புவதில்லை. ஒருவேளை அந்த ஆள் இன்னும் ஒரு தடவை தண்ணீரைப் பார்த்திருந்தால், என்று வந்துவிடுகிறது. அந்த ஒருவேளையை எந்தக் கடலில் போய்க் கரைப்பது?

நீ போனபிறகு அவள் வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வேண்டும் என்றால் தலையை ஆட்டுவாள், வேண்டாம் என்றாலும் அதே மாதிரிதான் ஆட்டுவாள். தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவாள், அங்கேதான் பலகையைச் சாத்தி வைத்திருந்தோம். சாப்பிட்டுவிட்டுப் பெடலைச் சுற்றிக்கொண்டிருப்பாள். செயின் சத்தம் கேட்டால் அவள் சாப்பிட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரியும். பார்க்கிறது மாடு ஒன்றுதான். ஒருநாள் நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் நான் போகவில்லை.

மாசியில் லாரிகள் வந்தன. கால்வாயில் கொட்ட எங்கிருந்தோ சிவப்பு மண்ணும் கசடும் கொண்டுவந்தார்கள். ஊரில் யாரும் போய் நிற்கவில்லை. கையெழுத்தாகிவிட்டது, இனி நின்று என்ன என்று ஏழுமலை பெரியப்பாவே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் வயலில் உளுந்து பறித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுப் பொண்ணு கதவைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறாள் என்று பக்கத்து வயல்காரி கூப்பிட்டுச் சொன்னாள். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவள் பலகையைக் கால்வாய்க் கரையில் நிறுத்திப் பின்னால் ரெண்டு செங்கல் முட்டுக் கொடுத்து, சுற்றிக்கொண்டிருந்தாள். மூச்சு விடுகிற வேகத்தில். முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். ஒருத்தன் இந்தியில் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். நம்ம பக்கத்து டிரைவர் ஒருவன், "இன்னா பாப்பா, சினிமாவா? டிக்கெட் எவ்ளோ?" என்று கேட்டான். ஒருவன் வீடியோ எடுத்தான். அவள் தலையைத் தூக்கவில்லை. கழுத்தெல்லாம் வேர்த்துச் சட்டை ஒட்டிப்போயிருந்தது.

சூப்பர்வைசர் கேட்டுக்குப் போன் பண்ணி உங்கள் நைனாவை வரவழைத்துவிட்டான். உன் பொண்ணு, நீயே வந்து கூட்டிக்கொண்டு போ என்றானாம். யூனிபார்மோடு தொப்பியோடு வந்தார். அவருக்கு யாரையும் பார்க்க முகமே இல்லை. அவளுக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, "வா கோமதி. ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

அப்போது அவள் பேசினாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"தள்ளி நில்லு நைனா. மறைக்குது."

அவர் தள்ளி நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, அவரும் பார்த்தார். அதுவரைக்கும் அவர் அந்தப் பலகை சுற்றி ஒருநாளும் பார்த்ததில்லை பாபு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கொஞ்சம் அடங்கினார்கள். தண்ணீர் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. முதல் லாரிக்காரன் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தான். ஆக, ஒரு மனிதன் காத்திருந்தான். அப்புறம் சூப்பர்வைசர் கதவைத் தட்டினான். லாரி பின்னால் வந்து தொட்டியைத் தூக்கியது. மண் அவள் மேல் விழவில்லை, பலகைமேல்தான் சரிந்தது. பட்டைக்குள் கல் புகுந்துகொண்டது. அவள் அதோடும் சுற்றினாள். செயின் அறுந்தது. அப்புறம்தான் எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, சைக்கிளைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்தாள். மண்ணில் சாய்ந்திருந்த சட்டத்தை நானும் உங்கள் நைனாவும் தூக்கி வந்தோம். உன் நண்பனுக்கு நான் காட்டியது அதைத்தான். பாதிப் பட்டைகள் வளைந்துவிட்டன. ஓவியத்தில் அவள் நின்ற பட்டை கால்வாயிலேயே போய்விட்டது, தேடினோம், கிடைக்கவில்லை. அந்த வாரத்துக்குள் உங்கள் நைனாவுக்கு வேலையும் போய்விடும் என்று இருந்தோம், போகவில்லை. மறுநாளும் அதே லாரிகளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டார். கால்வாய் இப்போது தரையோடு தரை. வருகிற ஐப்பசியில் எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் நம் ஏரிக்கு வர வழியில்லை. இனி எந்த மாதத்தில் போய் நின்று எடுத்தாலும் அந்தப் போட்டோ ஒன்றுதான்.

இது எதையும் உன்னிடம் சொல்லக்கூடாது என்று அன்றைக்கு ராத்திரி அவள் என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் செய்து கொடுக்கவில்லை. இப்போது அவளையே எழுத வைத்துவிட்டேன். லாரி வந்ததைச் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து அவள் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை, எழுதிக்கொண்டே வந்தாள். அடுத்ததாக எழுது, அண்ணா என்னோடு பேசு என்று எழுது என்று சொன்னேன். மாட்டேன் என்று

அவ பேனாவ வெச்சிட்டு எழுந்து போய்ட்டா. இனிமே நானே எழுதறேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவ. மெல்லதான் வரும்.

அன்னிக்கி நீ கூப்ட்ட, அவ வரல. லாரி வந்த அன்னிக்கி யாரும் கூப்டல. அவளே போனா. அத நீ பாக்கல. அதான் எனக்குத் தாங்கல.

ஏரி போச்சு. அத உன்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, என்னாலயும் முடியாது. நீ ஊருக்கு வராட்டியும் பரவால்ல. பிளைட் ஏறதுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு போன் பண்ணு. நான் எடுத்து அவ காதுல வெக்கறேன்.

அவ பேச மாட்டா. நீ வெச்சிடாத.